மணிமொழிக்கு வரைந்த முகம்

மத்தியான வெயிலில் அனுப்ரியா பெயிண்ட் வாளிகளோடு ஆற்றங்கரைச் சுவருக்கு வந்தபோது, தேவானை அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிறவள். வெள்ளத்தில் போன குழந்தைகளை அனுப்ரியா அந்தச் சுவரில் வரைந்துகொண்டிருந்தாள். மற்றக் குழந்தைகளுக்கெல்லாம் போட்டோ இருந்தது. தேவானையின் மகள் மணிமொழிக்கு மட்டும் இல்லை. வீட்டோடு அதுவும் போய்விட்டது.

தேவானை சொல்லச் சொல்ல அனுப்ரியா வரைந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான்.

"இவ இல்லம்மா."

மறுநாள் சுவரோவியத்துக்குத் திறப்பு விழா. தேவானை பஸ்ஸுக்குப் போனதும் அனுப்ரியா செல்போனை எடுத்தாள். தன் மகள் மிருதுளாவின் முகத்தைப் பார்த்து வரைந்தாள். ஏமாற்றுதான். யாருக்குத் தெரியப் போகிறது என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

காலையில் தேவானை அந்த முகத்தின் முன் வெகுநேரம் நின்றாள்.

"இவதாம்மா," என்றாள்.

ஆணியடித்து மல்லிகைச் சரம் மாட்டினாள். குங்குமம் வைத்தாள். கற்பூரம் ஏற்றி, கருவாட்டுக் குழம்பும் சோறும் இலையில் படைத்தாள்.

உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்துக்கு மாலை. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அனுப்ரியா வாளிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

அன்று பள்ளியிலிருந்து வந்த மிருதுளாவின் தலைமுடி ஈரமாக இருந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"சாப்பிட வாடா."

"பசிக்கலம்மா."

அவள் வாயில் கருவாட்டு வாசனை.

கோபாலபுரத்தில் இருந்த அவர்கள் வீட்டில் மீன் சமைத்ததே கிடையாது.

பிறகு இருமல் ஆரம்பித்தது. இருமும்போதெல்லாம் சேற்று நாற்றத்தோடு கலங்கல் தண்ணீர் வந்தது. டாக்டர் நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார். விடிந்தபோது குழந்தையின் உடம்பு சில்லிட்டிருந்தது.

"யாரோ என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்கம்மா."

மகளைப் பக்கத்து வீட்டு வைதேகியிடம் விட்டுவிட்டு அனுப்ரியா வெள்ளைப் பெயிண்ட் வாளியோடு ஆற்றங்கரைக்கு ஓடினாள். தேவானை சுவருக்கு எதிரே உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அது மணிமொழி இல்லக்கா. என் பொண்ணு. உங்களை ஏமாத்திட்டேன்."

"தெரியும்மா. பெத்தவளுக்குத் தெரியாதா?" தேவானையின் குரல் எழும்பவே இல்லை. "ஆனா இந்த மூஞ்சிலதாம்மா அவ வந்து குந்திக்கினா. நேத்து சோறு துன்னா. அயிக்காதம்மா."

"என் பொண்ணு சாகக் கிடக்கறாக்கா."

தேவானை உருட்டிய கவளத்தை அப்படியே கையில் வைத்திருந்தாள். தடுக்கவில்லை. அனுப்ரியா வெள்ளைப் பெயிண்டைப் பூசினாள். நெற்றி, கண்கள், கடைசியாக வாய். ஒரு தாயிடமிருந்து பிள்ளையை இரண்டாம் முறை பறிக்கிறோம் என்று தெரிந்தேதான் பூசினாள். திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் வைதேகி சிரித்த முகமாகக் கதவைத் திறந்தாள்.

"இப்பதான் எழுந்து உக்காந்தா. இருமலே இல்ல."

மிருதுளா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு கதகதப்பாக இருந்தது. அனுப்ரியா அவளை இறுகக் கட்டிக்கொண்டு அழுதாள்.

குழந்தை மெல்ல விலகியது. அறிமுகமில்லாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தது.

தான் அழித்தது யாருடைய முகம் என்று அனுப்ரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"யக்கா," என்றது குழந்தை, தயங்கித் தயங்கி. "எங்கம்மா செவுத்தாண்ட தனியா குந்திக்கினு கீது. என்னை இட்டுக்கினு போறியா?"