உப்பளத்தில் நாற்பத்திரண்டு புள்ளிகள்

"புள்ளி வீட்லதான் பச்சையா நின்னுச்சு. அதான் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்!"

தட்டில் தோசை விழும்போதெல்லாம் ஞானதீபத்தின் வாசலில் இந்த வாசகமும் வந்து விழும்.

தூத்துக்குடியில் இப்போது பிறந்த குழந்தைக்குக் கூட வலையில் சொந்தமாக ஒரு தன்பக்கம் உண்டு. அதன் உச்சியில் ஒரு பச்சைப் புள்ளி. மணிக்கட்டுக்குள் பதித்த அரிசியளவு இடமணி, ஆள் போகும் இடமெல்லாம் அந்தப் புள்ளியை வரைபடத்தில் நகர்த்திக்கொண்டே இருக்கும். அணைக்கலாம்தான். அணைத்தால் ஊர் கண், காது, மூக்கு வைத்துக் கதை கட்டிவிடும். அதனால் யாரும் அணைப்பதில்லை. ஆள் வீட்டில் இருப்பது தெரிந்தபின் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பதுமில்லை. வந்தவர்களைக் காபி கொடுக்காமல் அனுப்ப அவர் மனைவி ஜெசிந்தாவுக்கும் மனசு வராது.

இன்று அவர்களுக்குத் திருமண வெள்ளிவிழா. "ஒரே ஒரு நாள், நீங்களும் நானும் மட்டும் உக்காந்து நிம்மதியா சாப்பிடணுங்க" என்று ஒரு மாதமாகக் கேட்டிருந்தாள் ஜெசிந்தா. சேலை கூடக் கேட்கவில்லை. மனுஷர் உருகிப்போனார்.

யாரிடமும் மூச்சு விடாமல் 'மாயப்புள்ளி' என்ற செயலியை வாங்கினார். வரைபடத்தில் விரல் வைத்த இடத்தில் புள்ளி போய் நின்றுகொள்ளும். மே மாத உச்சி வெயிலில் எந்தக் கிறுக்கனும் போகாத இடம் எது? உப்பளம்! இருவர் புள்ளியையும் அங்கே நட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். ஜெசிந்தா சீலா மீன் பொரித்தாள். கல்யாணத்தன்று கேட்ட பாட்டை அவர் சுருதி தப்பிப் பாட, அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். இப்படிச் சிரித்து எத்தனை வருஷமாயிற்று!

முதல் துண்டு மீனை எடுக்கும்போது தன்பக்கம் சிணுங்கியது. பார்த்தால் உப்பளத்தில் மூன்று புதுப் புள்ளிகள். கொஞ்ச நேரத்தில் பதினெட்டு. அப்புறம் நாற்பத்திரண்டு.

"ஐயையோ, வாழ்த்த வந்திருக்காங்கங்க! பெரியப்பாவும் நிக்காரு பாருங்க. எம்பத்தாறு வயசு. இந்த வெயில்ல சுருண்டு விழுந்துட்டா?"

மீனை அப்படியே போட்டுவிட்டு, ஒரு குடம் தண்ணீரும் நாலு குடையுமாக மின்வண்டியில் பறந்தார்கள். வழியெல்லாம் ஞானதீபம் தன்னைத்தானே திட்டிக்கொண்டே போனார்.

உப்பளத்தில் ஈ காக்கை இல்லை. கண் கூசும் வெள்ளை உப்பு மட்டும் குவிந்து கிடந்தது. வரைபடத்திலோ பெரியப்பா ஞானதீபத்தின் முழங்கையை ஒட்டி நின்றார். மச்சான் குடும்பம் மொத்தமும் உப்புப் பாத்திக்குள் நின்றது. தன்பக்கத்தில் வாழ்த்துகள் கொட்டின: "நேரில் கண்டு வாழ்த்தியதில் மகிழ்ச்சி!" "விருந்து பிரமாதம்!"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நல்ல நாளில் தலைகாட்டாவிட்டால் காலத்துக்கும் பேச்சு வரும். அதனால் ஆளாளுக்குப் புள்ளியை அனுப்பிவிட்டு, வீட்டில் மின்விசிறிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறார்கள். சொந்தத்தில் மாயப்புள்ளியைக் கடைசியாக வாங்கிய ஆளே அவர்தான் போலிருக்கிறது!

ஜெசிந்தா குடையை விரித்துக்கொண்டு உப்புமேட்டில் உட்கார்ந்தாள். "கேட்டது கிடைச்சிருச்சுங்க. நீங்களும் நானும் மட்டும்!" இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

கைபேசி அடித்தது. பிலோமினா சித்தி. தன்பக்கம் என்றாலே எரிந்து விழுகிற மனுஷி.

"ஏலே தீபம், கதவைத் திறலே! அரை மணி நேரமா வாசல்ல நிக்கேன். பிரியாணி ஆறிட்டிருக்கு."

"சித்தி! நேர்லயா வந்திருக்கீங்க?" நாற்பத்திரண்டு பேரில் இல்லாத ஒருத்தி வந்திருக்கிறாள்!

"பின்ன? நீ உப்பளத்துல இருக்கன்னு பக்கத்து வீட்டுக்காரி சொல்லுதா. வெயில்ல பால் வாங்கக் கூடப் போகாத பய, உப்பளத்துக்கா போவ?"

"சத்தியமா உப்பளத்துலதான் நிக்கோம் சித்தி! வேணும்னா தன்பக்கத்தைப் பாருங்க!"

"அந்தப் பொய்யை எவன்ல பாப்பான்? மீன் பொரிச்ச வாசம் இங்க ஜன்னல் வழியா வருது. உள்ள இருந்துக்கிட்டே கதை விடாத!"

ஞானதீபம் வண்டியைக் கிளப்பினார். "இதோ வந்துக்கிட்டே இருக்கோம் சித்தி!"

மறுமுனையில் கதவு இன்னும் பலமாகத் தட்டப்பட்டது.