ஆனைக்குட்டத்தில் நிற்கிறவள்

வீரலட்சுமிக்குக் கெண்டைக்கால் இரண்டும் கல்லாய் இறுகிக் கிடந்தன. இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்ததில் பதினாறு மணி நேரம் நின்ற கால்கள். தீக்காய வார்டில் காலை பத்து மணிக்குக் கட்டு மாற்றியாக வேண்டும். ஆறாம் கட்டிலில் புதிதாக ஒரு பிள்ளை. நாரணாபுரத்து சினேகா, ஒன்பது வயது.

பிள்ளையின் தாய் வள்ளித்தாயின் காதருகே முத்துப்பாண்டி குனிந்து நின்றான். பட்டாசுத் திரி சுற்ற வீடு வீடாக மருந்து கொடுக்கிறவன்.

“அடுப்பு வெடிச்சதுன்னு சொல்லு. வீட்ல திரி சுத்துனோம்னு வாயத் தொறந்தே, உன்னையத்தான் உள்ள வைப்பாக.” வீரலட்சுமியைப் பார்த்து இளித்தான். “சிஸ்டர், எப்பவும் போல எழுதிக்கிடுங்க.”

எப்பவும் போல. போன வருசம் இதே கட்டிலில் செத்த மாரிசெல்விக்கும் அப்படித்தான் எழுதினாள். “திரி சிஸ்டர், திரி” என்று அந்தப் பெண் முனகியதைக் கேட்டுக்கொண்டேதான் எழுதினாள்.

கட்டைப் பிரிக்கக் கை வைத்ததும் சினேகா அலறினாள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி வீரலட்சுமி குரலைத் தாழ்த்தினாள்.

“கண்ண மூடு தாயி. நாம ஆனைக்குட்டம் அணைக்குப் போயிட்டோம். தண்ணில கால வையி. எம்புட்டு சில்லுன்னு இருக்கு பாரு.”

அலறல் அடங்கியது. சதையோடு ஒட்டிய துணி பிரிந்தது. பிள்ளை முகம் சுளிக்கவில்லை.

“அங்கன யாரும் இருக்காகளா தாயி?”

“ஒரு அக்கா நிக்காக. மேலெல்லாம் கட்டு.”

வீரலட்சுமியின் கை நின்றது.

“என் வலிய அவுக வாங்கிக்கிட்டாக. யாருக்குக் குடுக்கட்டும்னு கேக்காக.”

முத்துப்பாண்டி சிரித்தான். “எனக்குக் குடுக்கச் சொல்லு. நான் தாங்குவேன்.”

வார்டெங்கும் வெடிமருந்து நாறியது.

கண்ணைத் திறக்காமலே பிள்ளை அந்த அக்காவுக்குத் தலையாட்டினாள்.

அவன் சட்டையில் ஒரு நூல்கூடக் கருகவில்லை. உள்ளே தோல் மட்டும் அப்பளமாய் உப்பி எழும்பியது.

“யாத்தே!” தரையில் புரண்டான். “அடுப்பில்ல! திரிதான்! மாரிசெல்விக்கும் நாந்தான் மருந்து குடுத்தேன்!”

அவனை ஏழாம் கட்டிலில் போட்டார்கள். எதில் சுட்டது என்று டாக்டர் அவன் சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

சினேகாவின் கேஸ் ஷீட்டில் வீரலட்சுமி ‘திரி’ என்று எழுதினாள். நிமிர்ந்தபோது ஆறாம் கட்டிலடியிலிருந்து அவள் மேசைவரைக்கும் ஈரக் காலடிகள்.

திரும்பிப் போன தடம் இல்லை.

சினேகா கண்ணைத் திறந்தாள்.

“சிஸ்டர், அந்த அக்கா பாதிதான் குடுத்தாகளாம்.”

பேனா பிடித்த விரல்களில் சுருக்கென்றது. ஒரு கொப்புளம் மெல்ல எழும்பியது. மாரிசெல்வியின் ஷீட்டில் இன்னமும் ‘அடுப்பு’ என்றுதான் இருக்கிறது, வீரலட்சுமியின் கையெழுத்தில். செத்தவளுக்கு அவள் தரவேண்டிய அந்த ஒரு வரி உண்மை இன்னும் பாக்கி.