எட்டாம் சதுரத்துப் புழுக்கள்

கடுகுத் தண்ணீரை ஊற்றுவதற்கு முன்பே மண்புழுக்கள் மேலே வந்துவிட்டன.

கபஹூமா தூக்கிய குவளையோடு அப்படியே நின்றாள். மசிண்டி ஊருக்கு மேற்கே உள்ள அந்தக் காட்டில் மூன்று வாரமாக இதுதான் அவள் வேலை: சதுரமாகக் கயிறு கட்டி, காரத் தண்ணீர் ஊற்றி, எரிச்சல் தாங்காமல் வெளியே வரும் புழுக்களை எண்ணுவது. புழு கூடினால், மண்ணுக்கு எங்கிருந்தோ சத்து சேர்ந்திருக்கிறது. ஏழு சதுரங்களில் ஐந்தாறுதான். இங்கே அறுபதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டாள். மழை விட்ட பிற்பகலில், மகோகனி இலைகள் நீர் சொட்டும் ஓசைக்கு அடியில், ஈரச் சருகின் மேல் புழுக்கள் ஊரும் சரசரப்பு அவளுக்குக் கேட்டது.

"அராலி, இங்க என்ன கொட்டினாங்க?"

காவலாளி கஹ்வாவை எல்லோரும் அந்தச் செல்லப்பெயரில்தான் அழைப்பார்கள்; அவளை அகீகி என்று. அவன் மண்வெட்டியில் சாய்ந்து சிரித்தான்.

"முன்னாடி மரம் அறுக்கிறவங்க தங்கியிருந்தாங்க, அகீகி. வாழைத்தோலு, சாம்பலு... புழுவுக்குக் கல்யாண விருந்து."

"போன மழைக்கு, எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்த குனிஹிரா எண்ணினப்போ இங்க நாலுதானே? நோட்டுல இருக்கு."

"அவளுக்கு எண்ணத் தெரியுமா? அதான் வேலையை விட்டுட்டு கம்பாலாவுக்கு ஓடிட்டா."

நேற்று, அவள் ஹோய்மாவில் கல்யாணம் செய்துகொண்டாள் என்று சொல்லியிருந்தான்.

கபஹூமா குவளையைக் கீழே வைத்தாள். புழுக்கள் கக்கிய மண் உருண்டைகளைப் பார்த்துக்கொண்டே மெல்ல நடந்தாள். செம்மண்ணுக்கு நடுவே கறுப்பாக, பொதபொதவென்று ஒரு பட்டை. இரண்டு எட்டு நீளம். ஓர் எட்டு அகலம்கூட இல்லை. பக்கத்தில் அதே அளவில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் மூன்றாவது. விடுதிக் கட்டில்கள்போல, சம இடைவெளியில்.



"திரும்ப மழை வரும்போல இருக்கு. கிளம்பலாம், அராலி."



திரும்பினாள். அவன் அங்கே இல்லை.

மரத்தின் பெரிய வேருக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. இரண்டடி வைத்தாள். நான்காவது பட்டை. மூடாத குழி. புதுச் செம்மண். அதன் ஓரத்தில் மண்டியிட்டு, கறுப்பு மண்ணிலிருந்து புழுக்களை இரு கைகளாலும் அள்ளி உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். பதமாக. ஒன்றுகூட நசுங்காமல்.

பாதை அவனுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"நீளம் சரியா இருக்கும், அகீகி," என்றான், நிமிராமலே. "எட்டிப் பாருங்க."

பார்த்தாள். குழியின் அடியில், ஒரு முனையில், பச்சிலைகளைக் கூட்டித் தலையணை வைத்திருந்தான்.