பெரியப்பா கேட்ட அப்பளம்

குருநாதன் பெரியப்பாவுக்குப் பெரம்பலூர் கடைவீதியில் மளிகைக்கடை. துவரம்பருப்போடு ஊர்ச் செய்தியும் அங்கே கிடைக்கும். பருப்புக்குத்தான் காசு, செய்தி இலவசம்.

அவர் வாய்க்கு அப்படி ஒரு சக்தி. போன வருடம் பக்கத்துத் தெரு டீக்கடையைப் பற்றி, "பாலா அது? மாட்டைத் தூரத்துல காட்டிட்டு ஊத்துன தண்ணி" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது.

அப்படிப்பட்டவரைத்தான் மேகலா வியட்நாம் ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய துணிச்சலைப் பாருங்கள்.

அவளுக்கும் வேறு வழியில்லை. ஆறாம் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காருகிற லின்தான் அவளுடைய உயிர்த்தோழி. லின்னின் அப்பா மரிய செல்வம் வரதராஜன்பேட்டைக்காரர். வியட்நாமுக்கு ஓட்டல் வேலைக்குப் போனவர், அங்கேயே ஹோவா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து மூன்று மாதத்துக்கு முன்பு புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் 'பச்சை மூங்கில்' என்ற ஓட்டலைத் திறந்தார்கள். கண்ணாடிச் சுவர், ஏசி, மூங்கில் கூடைக்குள் எரியும் விளக்கு என்று எல்லாம் இருந்தது. சாப்பிட ஆள்தான் இல்லை.

"இந்த மாசம் பாப்போம், இல்லன்னா மூடிட்டு சென்னைக்குப் போயிடலாம்னு அப்பா சொல்லிட்டாரு" என்று வெள்ளிக்கிழமை லின் சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு மேகலா தயிர்சாத டப்பாவைத் திறந்தபடியே மூடி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் நேராகப் பெரியப்பா கடைக்குப் போனாள்.

"பெரியப்பா, கேரம் போட்டியில ஜெயிச்சா நான் கேக்குற எடத்துல சாப்பாடுன்னு சொன்னீங்கல்ல? ஜெயிச்சிட்டேன்."

"ஆமா, சொன்னேன். எங்க போவலாம், பிரியாணிக்கா?"

"வியட்நாம் ஓட்டலுக்கு."

பெரியப்பா கையில் இருந்த சர்க்கரைக் கரண்டி அப்படியே நின்றது. "அதெல்லாம் நமக்கு ஒத்துக்குமாடி?" என்றார். ஆனால் கொடுத்த வாக்கை மாற்றுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியப்பா, ராசாத்தி பெரியம்மா, மேகலா, அவள் அம்மா அம்பிகா ஆகிய நான்கு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். கடையில் இன்னொரு மேசையில் மட்டும் கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் இருந்தார்கள். மரிய செல்வம் ஓடி வந்து வரவேற்றார். லின் சமையலறை வாசலில் நின்று கையாட்டினாள். மேகலா அவளிடம் போய்விட்டாள்.

"அவருதான் உங்க பெரியப்பாவா?" லின் மெதுவாகக் கேட்டாள்.

"அவரேதான். அவருக்குப் புடிச்சிருந்தா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும்."

"புடிக்கலன்னா?"

மேகலா மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிடிக்கவில்லை என்றாலும் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

அதற்குள் மேசைக்குச் சாப்பாடு வந்துவிட்டது. ஒரு தட்டில் புதினா, கொத்தமல்லி, மெலிசாக நறுக்கிய கேரட், வெள்ளரி. இன்னொன்றில் வேகவைத்த இறாலும் அரிசிச் சேவையும். ஒரு கிண்ணத்தில் நிலக்கடலைக் குழம்பு. நடுவில் வட்ட வட்டமாக, கண்ணாடி மாதிரி மெல்லிய அரிசித் தாள்கள். பக்கத்தில் ஒரு அகலக் கிண்ணத்தில் வெந்நீர்.

எப்படிச் சாப்பிட வேண்டும் என்று மரிய செல்வம் சொல்ல வாயெடுத்தார். அதே நேரம் பார்த்து வாசலில் கேஸ் சிலிண்டர் வந்து இறங்கியது. "ஒரு நிமிஷம் ஐயா" என்று ஓடினார்.

ஒரு நிமிடம் போதாதா? பெரியப்பா அந்த வெந்நீர்க் கிண்ணத்தில் இரண்டு கையையும் விட்டு நன்றாகக் கழுவினார். "சாப்பிடறதுக்கு முன்னாடியே கை கழுவ வெந்நி வெச்சிருக்கான். மரியாதை தெரிஞ்சவன்தான்" என்றார்.

பிறகு அரிசித் தாள் ஒன்றை எடுத்து ஒரு கடி கடித்தார். தாள் உடைந்து பாதி பல்லிலும் மீதி மேலண்ணத்திலும் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளிப் பார்த்தார், விரலை விட்டு நோண்டிப் பார்த்தார், அது வரவில்லை.

"அப்பளத்தப் பொரிக்காமயே வெச்சிட்டானுங்க" என்று ஒருவழியாகச் சொன்னார்.

பக்கத்து மேசையில் சிரிப்பு வெடித்தது. ஒரு பையன் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

அதெல்லாம் காதில் விழுந்து மேகலா திரும்பி வந்தபோது பெரியப்பாவின் முகம் சிறுத்துப் போயிருந்தது. கடைவீதியில் எல்லாரையும் கேலி செய்கிற மனிதர், யாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்பது மாதிரி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மேகலாவுக்கு ஓட்டல் கவலையே ஒரு நிமிடம் மறந்துபோனது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"கெளம்புங்க எல்லாரும்" என்று அவர் நாற்காலியைத் தள்ளினார். வாசலில் நின்ற மரிய செல்வம் கையைப் பிசைந்தார். லின்னுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மேகலா ஒரு காரியம் செய்தாள். பெரியப்பா தட்டில் மிச்சமிருந்த தாளை எடுத்து, அந்தப் பையன்கள் பார்க்கும்படி அவளும் கடித்தாள். அவள் பல்லிலும் ஒட்டிக்கொண்டது.

"பெரியப்பா சொல்றது சரிதான். இத இப்படியே திங்க முடியாது. பொரிச்சுப் பாத்தா என்ன?" என்றாள். "நீங்க உக்காருங்க. ரெண்டே நிமிஷம்."

ஐந்தாறு தாள்களை அள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

"ஆன்ட்டி, இத எண்ணெயில பொரிக்கலாமா?"

ஹோவா அடுப்பிலிருந்து திரும்பினார். அவருடைய தமிழ் மெதுவாக வரும். "பொரிக்கலாமே. எங்க வீட்ல சின்னப் பிள்ளைக்குப் பொரிப்போம். இங்க யாரும் கேக்கல."

"எங்க பெரியப்பா கேட்டுட்டாரு ஆன்ட்டி."

எண்ணெய் காய்ந்தது. முதல் தாளை விட்டதும் அது சுருண்டு, நெளிந்து, கண்மூடித் திறப்பதற்குள் பூரித்துப் போய் மேலே வந்தது. மேகலாவும் லின்னும் ஒரே நேரத்தில் "ஹை" என்றார்கள்.

தட்டு நிறைய அதை எடுத்துக்கொண்டு மேகலா நேராகப் போய்ப் பெரியப்பா முன்னால் வைத்தாள். அவர் சந்தேகமாக ஒரு துண்டு ஒடித்தார். 'மொறுக்' என்று சத்தம் கேட்டது. கடலைக் குழம்பில் தொட்டு இன்னொரு துண்டு தின்றார். பிறகு யாரையும் பார்க்காமல் நாலு தின்றார்.

"நான் அப்பவே சொன்னேன்ல, இது அப்பளம்னு" என்றார். அவர் குரல் பழையபடி கடைவீதிக் குரலாகிவிட்டது.

மரிய செல்வம் வேறொரு வெந்நீர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து பணிவாக வைத்தார். "ஐயா, நனைச்சும் சாப்பிடலாம். இந்த வெந்நி தாளை நனைக்கிறதுக்கு."

"அப்ப நான் கை கழுவுனது?"

ராசாத்தி பெரியம்மாதான் ஆரம்பித்தார். "வூட்டுல ஒரு டம்ளரக் கழுவுனதில்ல. இங்க வந்து ஓட்டல்காரங்க கிண்ணத்தக் கழுவிக் குடுத்திருக்காரு."

முதலில் சிரித்தது பெரியப்பாதான். வயிறு குலுங்கச் சிரித்தார்.

மரிய செல்வம் ஒரு தாளை நனைத்து, இறாலும் இலையும் வைத்துச் சுருட்டிக் காட்டினார். மேகலா செய்தது பிய்ந்துபோனது. அம்மா செய்தது தலையணை மாதிரி வந்தது. பெரியப்பா ஒரு தாளை எடுத்தார். முப்பது வருடம் பொட்டலம் மடித்த கை அது. இந்தப் பக்கம் ஒரு மடிப்பு, அந்தப் பக்கம் ஒரு மடிப்பு, ஒரே உருட்டு. ஒரு இலைகூட வெளியே நீட்டவில்லை.

"நான் கத்துக்க ஒரு வருஷம்" என்றார் ஹோவா. சமையலறையிலிருந்து வெளியே வந்து கை தட்டினார்.

படம் பிடித்த பையன் மெதுவாக எழுந்து வந்தான். "அந்த வீடியோவ அழிச்சிட்டேன் சார். எங்களுக்கு வரவே மாட்டேங்குது. ஒன்னு சுத்திக் காட்டுறீங்களா?"

பெரியப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். "மொதல்ல கையக் கழுவிட்டு வா. பைப்புல" என்றார்.

மூன்று பையன்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அந்த மேசையில் நாற்பது ரோல்கள் தீர்ந்தன.

மறுநாள் காலை பெரியப்பா கடையைத் திறந்தார். உளுந்து வாங்க வந்த முதல் ஆளிடமே ஆரம்பித்தார். "சாப்பாடுன்னா அது சாப்பாடு. ஆனா ஒன்னு, போனீங்கன்னா அப்பளம் கேக்க மறந்துடாதீங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேகலா 'பச்சை மூங்கில்' கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லை. சுவரில் ஒட்டியிருந்த உணவுப் பட்டியலில் புதிதாக ஒரு வரி இருந்தது: 'குருநாதன் அப்பளம்'.

"உனக்குத்தான் உக்கார எடமில்ல" என்று லின் வருத்தமாகச் சொன்னாள்.

"அப்பாடா" என்றாள் மேகலா. இரண்டு பேரும் சமையலறையில் நின்றுகொண்டே வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.