நண்பர் என்னும் நோயாளி

செவ்வாயின் ஆறாம் குடியிருப்பில் காலையில் பல் துலக்கும்போது, குளியலறைச் சுவர் மேகநோய் என்னும் பால்வினை நோயின் அறிகுறிகளைப் பாட்டாகப் பாடும். பிள்ளைகளும் வாயில் நுரையோடு கூடவே பாடுவார்கள். மழைமேகமே இல்லாத கிரகத்துக்கு மேகநோய் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. ஆணுறை, பரிசோதனை, ஒரே ஒரு மாத்திரை என்று எல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் நோய் குறைந்தபாடில்லை.

காற்றுக்குழாய் பழுதுபார்க்கும் குமணனுக்கும் பாட்டு அத்துப்படிதான். சுரங்க நிலவில் வேலையோடு கொஞ்சம் சல்லாபமும் முடித்துத் திரும்பி, மனைவி மணிமொழியோடு கொஞ்சிக் குலாவிய பிறகு, பாட்டின் இரண்டாம் அடியில் வரும் புண் அவன் உடம்பிலேயே வந்தது. அன்றிலிருந்து முதுகுவலி என்று தனியே படுத்தான். அவளுக்கும் தொற்றியிருக்குமோ என்று பயம். சொன்னால் வீட்டைவிட்டே துரத்திவிடுவாளோ என்று அதைவிடப் பெரிய பயம்.

மருத்துவமனையில் இருந்தது ஓர் எந்திர வைத்தியர். துருவித் துருவிக் கேட்ட பழைய எந்திரத்திடம் ஒருவரும் வராமல் போனதால், சொன்னதை அப்படியே நம்பும்படி இதைச் செய்திருந்தார்கள். அப்படியும் ஆண்கள்தான் வந்தார்கள். பெண்கள் அந்தப் பக்கம் நடந்தாலே பேச்சு வரும்.

“எனக்கில்ல டாக்டர். நண்பருக்கு,” என்றான் குமணன்.

“மறுபடியும் அவரா?” என்றது எந்திரம். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, நண்பரின் மனைவியும் ஒன்று சாப்பிட்டாக வேண்டும், மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடும்படி நண்பரிடம் சொல்லுங்கள் என்றது. குமணன் தலையாட்டிவிட்டு வெளியே வந்து மாத்திரையை விழுங்கினான்.

மறுநாள் சுவர் பாடவில்லை, எச்சரித்தது. குடியிருப்பு முழுக்க நோயைப் பரப்புவது நண்பர் என்ற ஒரே ஆள்தானாம், யாரும் அவரை நெருங்கக் கூடாதாம். ஊருக்கே நிம்மதி. அந்தப் பெயரைக் கொடுத்தவர்களும் சேர்ந்துகொண்டு நண்பரைத் திட்டினார்கள். உறைகள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன.

“நண்பர்னு யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?” என்று மணிமொழி கேட்டாள்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. கோழை, விட்டுவிட்டான்.

“கேள்விப்பட்டதே இல்ல.”

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில், மணிமொழி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மருத்துவமனைக்குள் நுழைந்தாள்.

“எனக்கில்லீங்க. என் தோழிக்கு.”

மாத்திரையைக் கொடுத்த கையோடு எந்திரம் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பியது: “நண்பர் நல்ல மனிதர்தான். மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த அம்மாவின் பெயர் தோழி.”