எடை கூடிய கட்டுரை

சௌந்தரவல்லியின் கணவரைக் கட்டிலில் கிடத்தியதும் மருந்தூட்டி இயந்திரம் முதலில் செய்த காரியம், மனைவிக்கு வணக்கம் சொன்னதுதான்.

"வணக்கம், முனைவர் சௌந்தரவல்லி. உங்கள் கட்டுரைப்படியே உங்கள் கணவருக்குச் சிகிச்சை தொடங்குகிறேன்."

அந்த இயந்திரம் யார் சொல்லையும் கேட்காது. மேற்கோள் எடைக்கு மட்டுமே கட்டுப்படும். எந்த ஆய்வுக் கட்டுரையை அதிகம் பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்களோ, அதில் உள்ள அளவுதான் நோயாளிக்கு ஏறும். மருத்துவர்கள் ஆளுக்கொரு அளவு எழுதிய காலத்துக்கு முடிவு கட்ட வந்த ஏற்பாடு இது. உயிர்வேதியியலில் சௌந்தரவல்லியின் எடையை மிஞ்ச ஆளில்லை. இரத்தக்கட்டியைக் கரைக்கும் நொதியைப் பற்றி அவர் இளம் வயதில் எழுதியதுதான் உலகம் முழுக்க வேதவாக்கு.

அந்த வேதவாக்கு தப்பு என்பது முந்தாநாள்தான் அவருக்கே தெரிந்தது. பாராட்டு விழாவுக்காகப் பழைய சோதனையை ஏசி போட்ட புது ஆய்வகத்தில் செய்து காட்டச் சொன்னார்கள். நொதி பாதி வேகத்தில்தான் வேலை செய்தது. யோசித்தபோது பாளையங்கோட்டையின் அந்தச் சித்திரை மாதம் நினைவுக்கு வந்தது. ஆய்வகத்தில் ஏசி ஓடவில்லை. உடம்புச் சூட்டுக்குக் கொதித்த அறையில் வியர்வை வழிய வேலை பார்த்துவிட்டு, எல்லோரும் எழுதுவதுபோல இருபத்தைந்து டிகிரி என்று எழுதிவிட்டார். இருபத்தைந்திலேயே இந்த வேகம் என்றால் உடம்புக்குள் இரண்டு மடங்கு வரும், பாதி மருந்து போதும் என்று உலகம் கணக்குப் போட்டுக்கொண்டது. ஒரு புண்ணியவானாவது திரும்பச் செய்து பார்த்திருக்கலாம். மேற்கோள் காட்டுவது அதைவிடச் சுலபமாயிற்றே! பிழைக்காதவர்களின் பழி விதியின் தலையில் விழுந்தது.

இப்போது அவர் கணவர் பரிதியின் நுரையீரலில் அடைப்பு. உதடு நீலம் பாரித்துவிட்டது.

"இந்த அளவு பத்தாது. ரெண்டு மடங்கு குடு" என்றார் சௌந்தரவல்லி.

"உங்கள் கூற்று முனைவர் சௌந்தரவல்லியின் முடிவுக்கு முரணானது."

"நாந்தான சௌந்தரவல்லி! நானே சொல்லுதேன், அந்தக் கட்டுரை தப்பு!"

"பதிவு செய்தேன். உங்கள் மறுப்பும் ஒரு மேற்கோளாகச் சேர்க்கப்பட்டது. கட்டுரையின் எடை கூடியிருக்கிறது."

பரிதி மூச்சுக்கு நடுவே சிரிக்கப் பார்த்தார். "வல்லி... மெஷின்கிட்டயா சண்ட போடுத?"

சௌந்தரவல்லி ஆத்திரத்தில் இயந்திரத்தை ஓங்கித் தட்டினார். வார்டு செவிலி ஜெபசீலி அவரைத் தள்ளி அழைத்துப் போனாள்.

"இதுக்கு ஆளத் தெரியாது மேடம், பேரு எழுதுன கைப்பட்டையத்தான் தெரியும். சாருக்குக் கூடப் பொறந்தவங்க உண்டா?"

"கெடையாது. ஒத்தப் பிள்ள."

"இப்ப ஒரு தம்பி பொறந்திருக்காருன்னு வச்சுக்கிடுங்க."

மதி என்ற பெயரில் பரிதியின் இடக்கையில் இன்னொரு பட்டை ஏறியது. காலிக் கட்டிலின் மருந்தூட்டியை ஜெபசீலி இழுத்து வந்தாள். பிடிபட்டால் அவள் வேலை போகும். சௌந்தரவல்லிக்கு அதைவிடப் பெரிய பயம். அந்தச் சித்திரையைப் பற்றிய தன் நினைவு பொய்யாக இருந்தால், இந்த இரண்டாவது மருந்து மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கி மனுஷனைக் கொன்றுவிடும். ஒரு வாழ்நாள் ஆராய்ச்சியில் அவர் கைவசம் மிஞ்சியது ஒரு வெயிலின் ஞாபகம் மட்டும்தான்.

"போடு" என்றார்.

இரண்டு கையிலும் மருந்து ஏறியது. பரிதியின் மூச்சு இன்னும் மோசமாக இழுத்தது. பிறகு மெல்லச் சீரானது. மாலைக்குள் உதடு சிவந்து, காபி கேட்டார். சௌந்தரவல்லி வாய்விட்டு அழுதார்.

"வாழ்த்துகள், முனைவர்" என்றது மருந்தூட்டி. "உங்கள் கட்டுரை சொன்ன அளவில் இரண்டு நோயாளிகள் குணமடைந்திருக்கிறார்கள். கட்டுரையின் எடை மேலும் கூடியது. எனவே உங்கள் மறுப்பு தள்ளுபடி செய்யப்படுகிறது."

சௌந்தரவல்லி பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், மூச்சுத் திணறிய ஒரு கல்லூரிப் பெண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவளுக்கும் அதே அடைப்பு. கூடவே ஓடிவந்த அப்பா சௌந்தரவல்லியை அடையாளம் கண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்க கட்டுரைப்படிதான் மருந்து போடுதாம்மா. இனி எனக்குப் பயமில்ல."

ஜெபசீலி அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். "மேடம், இந்தப் பிள்ளைக்கும் ஒரு தங்கச்சி பொறக்கணுமா?"

பிறந்தால் இவள் பிழைப்பாள். கட்டுரைக்கு இன்னும் இரண்டு சான்று சேரும், மற்ற ஊர்களிலெல்லாம் பாதி மருந்தே ஏறும். அந்த அப்பா கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை.

"பொறக்கட்டும்" என்றார் சௌந்தரவல்லி.