ஆற்றுமணலில் ஒருவர்

கண்ணாடிக்குள் எல்லாம் ஒழுங்காகவே எழுந்து நின்றன. ஆற்றின் வளைவு பள்ளமாக இறங்கியது. இரு கரையின் மரங்களும் கொத்துக்கொத்தாக மேலே வந்தன. மணல்திட்டில் விழுந்துகிடந்த விமானத்தின் முறிந்த சிறகுகூடத் தடிப்போடு தெரிந்தது. அந்தச் சிறகுக்கு அருகில் இருந்த கறுப்புப் புள்ளி மட்டும் மணலில் படவில்லை. ஒரு முழ உயரத்தில், எதையும் தொடாமல் நின்றது.

சண்முகராசா தலையை எடுத்துக் கண்களைத் துடைத்துக்கொண்டார். காரணம் அவருக்குத் தெரியும். இந்த இரட்டைக் கண்ணாடியைப் பழக்கிய ஆவணக்காப்பகப் பெண் சொல்லியிருந்தாள்: விமானத்திலிருந்து அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களைப் அருகருகே வைத்துப் பார்த்தால் நிலம் மேடுபள்ளத்தோடு எழும்பும், இரண்டு படங்களுக்கும் இடையில் எது அசைந்ததோ அது நிலத்தை விட்டு மிதக்கும், அல்லது புதையும். ஆகவே அந்தப் புள்ளி ஒரு மனிதர். நடந்திருக்கிறார். அவ்வளவுதான்.

ஆனால் படத்தின் ஓரத்தில் மார்ச் பதினொன்று என்று இருந்தது. விமானம் விழுந்தது ஒன்பதாம் தேதி.

பிரித்தானியாவில், குட்மேய்ஸ் என்ற ஊரில் இருந்த வீட்டின் மாடிச் சின்ன அறையில், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவர் இருந்தார். மார்கழிச் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சாம்பல் நிறத்தில் தேங்கியிருந்தது. கீழே மனைவி நகுலேஸ்வரி பொரித்துக்கொண்டிருந்த வடையின் மணம் படியேறி வந்தது. அவளுடைய தமையன் விஜயரத்தினத்தின் குரல் அதைவிடச் சுலபமாக ஏறி வந்தது.

"என்ன மச்சான், உங்கட பெரியப்பா இன்னும் விழுந்து முடியேல்லையோ? தேத்தண்ணி ஆறுது!"

"அண்ணை, சும்மா இருங்கோ. அவர் எழுதட்டும்."

"நாப்பது வருஷமா எழுதுறார், நகுலா. மனுசன் அங்கால பக்கம் போய்ப் பெண்ணெடுத்து, பூட்டப்பிள்ளையும் கண்டிருக்கும்."

"கடுதாசி எழுதியாச்சு, ஒப்பம்தான் வைக்கவேணும். கொண்டு வாறன், பொறுங்கோ," என்று சண்முகராசா கதவைப் பார்த்துச் சொன்னார். குரல் நடுங்கவில்லை. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் குரல் நடுங்கியதில்லை.

பெரியப்பா சபாரத்தினம் பிரித்தானிய வேவு விமானப் பிரிவொன்றில் வழி பார்ப்பவராகப் பறந்தவர். துப்பாக்கி இல்லாத, கமராக்கள் மட்டும் பூட்டிய, இரண்டு பேர் போகும் விமானம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துநான்கில் பர்மாவில் விழுந்தது. விமானியின் உடல் ஆசனத்திலேயே கிடந்தது; பெரியப்பாவின் உடல் கிடைக்கவில்லை. பெரியப்பா வீரமரணம் அடைந்தார் என்றது குடும்பம். எதிரியிடம் ஓடிப்போனார் என்றது ஊர். மிச்சம் என்ற ஊரிலுள்ள தமிழர் மண்டபத்தில், போரில் இறந்தவர்களுக்காக வைக்கப்போகும் பித்தளைத் தகட்டில் பெயர் ஏற ஆதாரம் வேண்டும் என்று, மண்டபச் செயலாளர் விஜயரத்தினம் அதை எடுத்துப்போக நேரிலேயே வந்திருந்தார்.

ஒப்பமிட வேண்டிய வாசகம் எழுதி ஆயிற்று. "விமானம் வீழ்ந்த கணமே உயிர் நீத்தார்."

அவர் இரண்டாவது சோடிப் படங்களை வைத்தார். மார்ச் இருபது. புள்ளி மரங்களின் உயரத்தில் நின்றது. இப்போது அதற்குத் தோள்கள் இருந்தன. அறையில் வடை மணம் குறைந்து, ஈர மணலும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாடை மேசையிலிருந்து எழுந்தது.

ஆவணக்காப்பகத்திலிருந்து வந்த கோப்பில் இரண்டு கடிதங்கள் இருந்தன. முதலாவது, பிரிவின் தளபதி யாழ்ப்பாணத்துக்கு எழுதியது. விமானத்தின் அருகில் ஒருவர் எல்லாப் படங்களிலும் தெரிகிறார். உதவிக்காகக் காத்திருக்கலாம், எதிரியோடு சேர்ந்துமிருக்கலாம். குடும்பத்துக்கு ஏதாவது செய்தி வந்ததா?

இரண்டாவது, பதில். அந்த நிமிர்ந்த எழுத்து அப்பாவுடையது.

"எனது தமையனார் இறந்துவிட்டார் என உறுதியாக அறிந்தோம். அந்தியேட்டிக் கிரியைகளும் செய்து முடித்தோம். தேடுதலை நிறுத்தி, இறந்தோர் பட்டியலில் சேர்க்கவும்."

கடிதத்தின் தேதி ஏப்ரல் பத்து. யாரும் எதையும் அறிந்திருக்கவில்லை. ஓடிப்போனவரின் வீடு என்ற பெயர் வரக்கூடாது என்பதற்காக, உயிரோடு மணலில் நின்ற அண்ணனுக்கு முப்பத்தோராம் நாள் கிரியை செய்து, ஐயருக்குத் தானமும் கொடுத்து, தம்பி கையெழுத்திட்டிருக்கிறார்.

சண்முகராசா நெடுநேரம் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு கடிதத்தை நான்காகக் கிழித்தார். எட்டாக. பதினாறாக. துண்டுகளைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானையும் பூட்டினார். அப்பா செய்தது சரி. வேறு எவரும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

மூன்றாவது சோடி. ஏப்ரல் மூன்று.

மரங்கள் மிகக் கீழே இருந்தன. படத்திலிருந்தவர் மரங்களுக்கு மேலே இருந்தார். கைகள் இரண்டும் தலைக்கு மேலே. இருபதாயிரம் அடியிலிருந்து எடுத்த படத்தில் ஒருவரின் சட்டைக் கழுத்து தெரியக்கூடாது. தெரிந்தது. முகம் நேராக மேலே பார்த்தது.

"மச்சான்!"

குரல் வெகு ஆழத்திலிருந்து வந்தது, கிணற்றடியில் நின்று யாரோ கூப்பிடுவதுபோல.

நான்காவது சோடியை எடுத்தார். ஏப்ரல் இருபத்தொன்று. அந்தியேட்டி முடிந்து இரண்டு வாரம். ஏதோ ஒரு பாலத்தைப் படமெடுக்கப் போன வேறொரு விமானம் தற்செயலாக எடுத்தது. பார்க்கவேண்டாம் என்று ஒரு மனம் சொன்னது. அங்கே யாரும் இல்லையென்று உறுதிப்படுத்தாமல் எப்படி ஒப்பமிடுவது? குனிந்தார்.

ஆறு. மணல். சிறகு.

யாரும் இல்லை.

அப்பாடா என்று மூச்சை விட்டு நிமிரப்போனார். நெற்றி வரவில்லை.

குளிர்ந்த உலோகம் புருவத்தோடு ஒட்டியிருந்தது. கைகளை மேசையில் ஊன்றித் தள்ளினார். மேசை நகர்ந்தது. தலை அதோடு போனது. இமைகளை மூட முயன்றார். அவை மூடவில்லை.

நிலம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அறையின் தரையும் இறங்குவதைக் கால்கள் உணர்ந்தன. ஹீட்டரின் டிக் டிக் நின்றுவிட்டது. ஒரு யந்திரத்தின் நீண்ட, சீரான இரைச்சல் மட்டும்.

"இஞ்சருங்கோ, கதவைத் திறவுங்கோ. ஏன் தாழ்ப்பாள் போட்டனீங்கள்?"

நகுலேஸ்வரி கதவடியில்தான் இருந்திருக்கவேண்டும். குரல் எறும்பளவு.

ஒரு வார்த்தை போதும். கூப்பிட்டால் கதவை உடைப்பார்கள். முதலில் நுழைவது விஜயரத்தினமாக இருக்கும். கோப்பைப் பார்ப்பார். தளபதியின் கடிதத்தை வாசிப்பார். பதில் எங்கே என்று கேட்பார்.

சண்முகராசா பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஒண்டுமில்லை," என்றார். "எழுதுறன். போங்கோ."

காலடிகள் இறங்கிப்போயின.

கண்ணாடியின் ஓரத்தில் ஒரு விரல் வந்தது.

கீழிருந்து. பிறகு இன்னொன்று. நகங்களுக்குள் மணல். கைகள் வந்தன. சட்டைக் கழுத்து வந்தது. அப்பாவின் நெற்றி, அப்பாவின் மூக்கு. சண்முகராசாவின் சொந்த மூக்கு. பெரியப்பா, இருபத்துநான்கு வயதில்.

"நகுலா!" என்று கத்தினார். "அண்ணையைக் கூப்பிடு! விஜயரத்தினம்! அவர் உயிரோட இருந்தவர்! அப்பா தெரிஞ்சும்..."

இரைச்சலில் தன் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

முகம் நெருங்கியது. வாய் திறந்திருந்தது. அதற்குள் நாக்கில்லை என்று முதலில் நினைத்தார். இருந்தது. அதன் மேல், அண்ணம்வரை, தொண்டைவரை, பல்லிடுக்கெல்லாம் சோறு. கறுத்த எள்ளு விரவிப் பிசைந்த சோறு. பெரியப்பாவுக்கென்று பிடித்து வைத்த பிண்டம், உருண்டை உருண்டையாக, ஆண்டாண்டாக, விழுங்கவும் துப்பவும் விடாமல் அடைந்திருந்தது. கன்னங்கள் வெடிக்கும் அளவுக்குப் புடைத்திருந்தன. தாடை அசைந்தது. ஏதோ சொல்ல முயன்றது.

வாய் கண்ணாடியின் மறுபுறத்தில் வந்து பதிந்தது. பருக்கைகள் நசுங்கின. அவற்றின் இடுக்கால் மூச்சு வந்து கண்ணாடியை மங்கச் செய்தது.

மூச்சு வெதுவெதுப்பாக இருந்தது.